தவறிப்போன மாமியார்

"இருமல் வந்தா முந்தானையை வாயில வச்சுக்கங்க, அத்தே. கதவு காத்துக்கு அடிச்சுக்கும், வெளியில தாழ்ப்பாள் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோம்மா. நான் எங்க ஓடப் போறேன்?" என்றாள் கிழவி.

மருமகள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இறங்கினாள். காற்றாம்! மூன்று வாரமாக அந்த ஊரில் ஓர் இலைகூட அசையவில்லை. மாடியறைக்குத் தகரக் கூரை. கால் உடைந்த நாற்காலி, பழைய பெட்டிகள், ஓடாத தையல் இயந்திரம், இவற்றோடு எழுபத்தொரு வயது இரத்தக்கொதிப்புக்காரி ஒருத்தி. மின்விசிறி கிடையாது. வயதானவர்கள் பகலில் வெயில் படாமல் இருக்கவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்று செய்தித்தாளில் போட்டிருந்ததை அன்று காலையில் சத்தமாகப் படித்தவன் அவள் பெற்ற மகன்தான்.

விஷயம் இதுதான். பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா குடியிருக்கும் தெருவைக் கிழவி பத்தொன்பது வருடம் பெருக்கியிருக்கிறாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் சம்பந்தம் பேசிய முதல் நாளே மகன், "அம்மா தவறிட்டாங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர் அல்லவா, பொய்யையும் நறுக்கென்று சொல்லத் தெரிந்தவன். அந்தத் தெருப் பிள்ளைகள் குப்பையில் எறிந்த நோட்டுகளிலிருந்து எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, அவனுக்குப் பள்ளிக்கூட நோட்டு செய்து கொடுத்தவள் அவள். அதை அவன் மறக்கவில்லை. மறக்காததால்தான் இப்படி மறைத்தான்.

முந்தின நாள் முழுக்கப் பேத்தி சாப்பிடாமல் சண்டை போட்டாள். அவளை அடக்கியது கிழவியேதான். "நல்ல இடம்டி. ரெண்டு மணி நேரம் செத்துக் கெடந்தா தேஞ்சா போயிடுவேன்?" என்று சிரித்தாள். அவள் கணவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பெரியவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு சுமந்தவர். கோப்பு சுமந்தவரை வெளியில் காட்டலாம், குப்பை சுமந்தவளைக் காட்டக்கூடாது! வெள்ளைச் சட்டை மாட்டி அவரைக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையும் அவன் அம்மாவும், இரண்டே பேர். கூடத்தில் ஏசி ஓடியது. "அப்பாடா, இங்க வந்து உக்காந்த பிறகுதான் உசிரே வந்துது" என்று அந்த அம்மாள் ஏசிக்கு நேர் எதிரில் இருந்த சோபாவில் சாய்ந்துகொண்டாள். பேத்தி வந்தாள், வணக்கம் சொன்னாள், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதால் பேச்சு நீண்டது.

அப்போதுதான் பெரியவரின் கண்ணில் அது பட்டது. கூடத்து ஜன்னல் வழியாக மாடிப்படி தெரியும். மூன்றாவது படியில் தண்ணீர்க் கூஜா மூடியோடு அப்படியே இருந்தது. மருமகள் மேலே எடுத்துப் போவாள் என்று காலையில் அவர் நிரப்பி வைத்தது. மாமனாரே கொண்டுபோவார் என்று அவள் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். மணி ஒன்றே முக்கால். நாலு மணி நேரமாகக் கிழவிக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை. அவள் கதவைத் தட்டமாட்டாள். உயிரே போனாலும் தட்டமாட்டாள். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு இது தெரியாதா?

அவர் எழப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மகன் முழங்காலை அழுத்தினான்.

"கூஜாடா..." என்றார் காதோரமாக.

மகன் ஜன்னலைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும், "அஞ்சு நிமிஷம்பா, கிளம்பிடுவாங்க" என்றான். பாவி!

"உங்க வீட்டம்மா படம் ஒண்ணும் மாட்டலையே?" என்று மாப்பிள்ளையின் அம்மா சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மாவுக்குப் படம் எடுத்துக்கறதே பிடிக்காதுங்க" என்றான் மகன்.

"அடடா. எப்படிப் போனாங்க, பெரியவரே?"

மகன் முந்திக்கொண்டு, "மாரடைப்புங்க. தூக்கத்துலயே" என்றான்.

"குடுத்து வச்சவங்க. கஷ்டப்படாமப் போயிட்டாங்க."

"கஷ்டப்படாமலா?" என்று கேட்டபடியே பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கூஜாவைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறினார். தாழ்ப்பாள் உள்ளங்கையைச் சுட்டது. கிழவி தரையில் கிடந்தாள். கதவுக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதில் வாயை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது, ஒரு துளி வியர்வை இல்லை. "ஐயோ, ஐயோ" என்று புலம்பிக்கொண்டே அவள் தலையில் ஊற்றினார், முகத்தில் ஊற்றினார், வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தது.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. வா, கீழ போலாம்." வாழ்க்கையில் அவளிடம் அவர் கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தாங்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கூடத்துக்குள் கூட்டிவந்தார்.

"அட, இது எங்க தெருவுல பெருக்கிட்டிருந்த கிழவி இல்ல? நீ எங்க இங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

கிழவி ஒரே ஒரு தடவை மகன் முகத்தைப் பார்த்தாள். "மாடி பெருக்க வந்தேம்மா. வெயில் தாங்கல, தலை சுத்திடுச்சு." கணவரின் பிடியை உதறிவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆமாங்க," என்றான் மகன். "மாடி ரொம்ப நாளாப் பெருக்காமக் கெடந்துது." சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனால் அந்தக் கதவுப் பக்கம் திரும்ப முடியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உண்மையிலேயே மனம் இளகிவிட்டது. "இந்த வயசுல, இந்த வெயில்லயா? இவளுக்குப் புள்ளைங்க இல்லையா? இருந்தா அதுங்களுக்கு மனசாட்சி வேணாம்? பாவம், ஏதாவது சாப்பிடக் குடுத்து வீட்டுக்கு அனுப்பி வைங்க."

பெரியவர் வெள்ளைச் சட்டையோடு மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அவ வீடு இதுதாங்க. நான் அவ புருஷன். புள்ளைங்க இல்லையான்னு கேட்டீங்களே, உங்களுக்கு எதிர்லதான் உக்காந்திருக்கான். மனசாட்சியைப் பத்தி அவனையே கேட்டுக்கங்க."

"வாயை மூடுங்க! புள்ள வாழ்க்கைங்க, பாழாப் போயிடும்" என்று கிழவி அவர் தொடையைக் கிள்ளினாள். கிள்ளக்கூட அவள் விரலில் பலமில்லை.

அவ்வளவு நேரம் மனசாட்சியைப் பற்றிப் பேசிய அம்மாள் கைப்பையைத் தேடினாள். எழுந்தாள். மாப்பிள்ளையிடம் ஒரு கண்ஜாடை; அவனும் எழுந்தான். கதவோரம் உட்கார்ந்திருந்தவள்மேல் பட்டுவிடாமல் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் தாண்டிப் போனாள்.

உள்ளேயிருந்து பேத்தி சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். அப்பாவையும் பார்க்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற அம்மாவையும் பார்க்கவில்லை. பாட்டியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எழுந்திரு பாட்டி. அவங்க உக்காந்திருந்த எடம் காலியாயிடுச்சு. காத்து அங்கதான் நல்லா வருது."