அகரமேடு: ஏகமனதாக

குப்புராஜ் என்னிடம் அதைச் சொன்னது நான் செய்திக் கவரை ஒட்டுவதற்கு முன்பா, பின்பா என்பது உறுதியாக நினைவில்லை. பின்பு என்றுதான் பல வருடங்கள் நம்பிவந்தேன். அது எனக்கு வசதியான நம்பிக்கை என்பதாலேயே இப்போது அதன்மேல் சந்தேகம் வருகிறது.

எண்பத்தாறாம் வருடத் தொடக்கம். பதினாறு வருட இடைவெளிக்குப் பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் வந்திருந்தது. நான் கிழக்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டு, ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபராகவும் இருந்தேன். சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டிறங்கி ஏரிக்கரையோடு போனால் அகரமேடு. எங்கள் பத்திரிகையில் அந்த ஊர்ப் பெயருக்கு முன்னால் 'கட்டுப்பாடான' என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பொன்னியம்மன் கோவிலில் பெரியவர்கள் கூடி ஒருவரைச் சொல்வார்கள், எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள், அவ்வளவுதான் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

அந்த முறை பெரியவர்கள் சொன்ன ஆள் துளசிங்கம். ஏரிக்கால்வாயை ஒட்டிய புறம்போக்கை வளைத்து மனை போடப்போகிறார் என்று பேச்சு இருந்தது. அவரை எதிர்த்து மனுப் போட்டவன் அவருடைய சொந்த அக்காள் மகன் குப்புராஜ். குரோம்பேட்டை லேத் பட்டறையில் வேலை செய்தவன். அதிகம் பேசமாட்டான்.

அவன் வீட்டுப் பின்கட்டில் நடந்த கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். அறுபது பேருக்குக் குறையாது. பஜனை கோஷ்டி நடத்தும் அரிகிருஷ்ணன் வந்திருந்தார். வந்திருந்த தொழிற்சங்கக்காரர்கள் சாமி இல்லை என்பவர்கள் என்பதால் அவர்களோடு ஒரே பாயில் உட்காராமல் தள்ளி நின்றார். பள்ளிக்கூட ஆயா ஞானம்மாள், மாதா கோவில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு வந்திருந்தாள். டெல்லியில் யார் ஆளவேண்டும், கோட்டையில் யார் இருக்கவேண்டும் என்பதில் அங்கே எந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. கால்வாயை விடக்கூடாது என்ற ஒன்றில்தான் ஒத்துப்போனது.

அரிகிருஷ்ணன்தான் கேட்டார். "நாளைக்கு மாமன்காரன் கால்ல போய் வுழுந்துட்டீனா நாங்க இன்னா பண்றது?"

குப்புராஜ் உள்ளே போய்க் கற்பூரம் எடுத்துவந்து, உள்ளங்கையில் ஏற்றி, வாபஸ் வாங்கமாட்டேன் என்று பொன்னியம்மன்மேல் சத்தியம் செய்தான்.

"அவன் சத்தியம் பண்ணது உங்க சாமிகிட்ட," என்றாள் ஞானம்மாள். "ஓட்டு குத்தப்போறது நானு. எனக்கும் சேத்து சொல்லச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். குப்புராஜ் கையை உதறிக்கொண்டே, "உனக்கும் சேத்துதான்க்கா" என்றான்.

இதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. கட்சிக்காரர் யாரும் பேசாத கூட்டம் செய்தியாகாது.

மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மூன்று மணி வரை நேரம். எங்கள் கவர் இரண்டரைக்கே தாம்பரம் ஸ்டேஷனில் கைமாறிவிட வேண்டும். பட்டணத்துக்கு எடுத்துப்போகிற ஆள் அதற்குமேல் நிற்கமாட்டார். அதனால் நடக்கப்போவதை நடந்ததாக எழுதி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். எழுபதில் வந்த 'போட்டியின்றித் தேர்வு' செய்தியின் நறுக்கு என்னிடம் இருந்தது. பெயரை மட்டும் மாற்றினேன். 'உறவினர் மனுவை வாபஸ் பெற்றதையடுத்து' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அன்று மதியம் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசலில் குப்புராஜ் என்னைப் பார்த்து, "வாபஸ் வாங்கமாட்டேன் சார், எழுதிக்குங்க" என்றான். நான் தலையாட்டினேன். அப்போது கவர் ஒட்டாமல் கையில் இருந்ததா, பைக்குள் போய்விட்டதா? ஒட்டியிருந்தாலும் கிழித்திருக்கலாம். எதிரே தபாலாபீசில் போன் இருந்தது. மூன்று மணிக்குள் பணிந்துவிடுவான், அந்த ஊர் அப்படி என்று நினைத்தேன். கூட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் பணியவில்லை. ஆனால் காலையில் செய்தி வந்தது. 'துளசிங்கம் போட்டியின்றித் தேர்வு. அகரமேடு ஏகமனதாக முடிவு.'

சின்னம் ஒதுக்கியதும் போட்டி இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. துளசிங்கத்தின் ஆட்கள் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். மாமனும் மருமகனும் உள்ளே பேசி முடித்துவிட்டார்கள், ஓட்டுச்சீட்டில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது, பேப்பர்காரனுக்கு எல்லாம் தெரியும் என்றார்கள். என் செய்தியின் நறுக்கைக் கோவில் சுவரில் ஒட்டினார்கள். குப்புராஜ் வீடு வீடாகப் போனான். இன்னொரு முறை கற்பூரம் அடி, நம்புகிறோம் என்றார் அரிகிருஷ்ணன். ஒருமுறை அடித்தது போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டானாம்.

மூன்றாம் நாள் அவன் மனைவி தையல்நாயகி இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தாள். மாணவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"என் வூட்ல நாலு ஓட்டு சார். மாமியா ஒரு கட்சி, மாமனாரு ஒரு கட்சி, இவரு ஒண்ணு, நான் ஒண்ணு. ஊரே ஒரே மனசுன்னு யாரைக் கேட்டு எழுதுன?"

நான் மாணவர்களைத் தட்டச் சொன்னேன். அவள் நகரவில்லை.

"சத்தியத்த மீறுனவன்னு சொல்றாங்க. அவரு சாப்புடறதில்ல. தப்புனு மட்டும் போட்டுடு. வேற இன்னாவும் வேணாம்."

அன்றே திருத்தம் எழுதி, நானே ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அதைப் படித்துவிட்டு உதவி ஆசிரியர், அங்கே யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று கேட்டார். துளசிங்கம் என்றேன். "அப்புறம் எதுக்குய்யா பேஜாரு?" என்று சொல்லிக் காகிதத்தை மேஜை ஓரத்தில் வைத்தார். நான் அதைத் திரும்ப எடுக்கவுமில்லை, அங்கேயே நிற்கவுமில்லை. திருத்தம் வரவில்லை.

ஓட்டு எண்ணியபோது நான் அந்த அறையில் இருந்தேன். துளசிங்கத்துக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு. குப்புராஜுக்கு இருபத்து மூன்று. நூற்று முப்பத்தெட்டு செல்லாதவை. செல்லாத சீட்டுகளைத் தனியாகப் பிரித்து அடுக்கும்போது பார்த்தேன். பலவற்றில் இரண்டு சின்னத்திலும் குத்தியிருந்தது. சிலவற்றில் எதிலுமே குத்தவில்லை. இவ்வளவு பேர் நடந்துவந்து, வரிசையில் நின்று, யாரையும் தேர்ந்தெடுக்காமல் போயிருக்கிறார்கள். குப்புராஜ் அந்த அடுக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை செய்தி எழுதினேன். செல்லாத ஓட்டுகளைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அச்சில் அந்த இரண்டு வரி இல்லை. 'ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெற்றி' என்று தலைப்பு.

அந்தச் சித்திரையிலேயே குப்புராஜ் குடும்பத்தோடு சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தான். அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். அகரமேட்டுக் கல்யாணம், சாவு எதற்கும் வரவில்லை. தொண்ணூற்று மூன்றில் மஞ்சள்காமாலையில் இறந்தான். தையல்நாயகி மகளோடு இருக்கிறாள். துளசிங்கம் தொண்ணூற்றொன்று வரை தலைவராக இருந்தார். கால்வாய் இருந்த இடத்தில் இப்போது மூன்று தெருக்கள். அரிகிருஷ்ணன் பஜனையை நிறுத்திவிட்டார். ஞானம்மாள் ரிட்டயராகிவிட்டாள், குப்புராஜுக்கே ஓட்டுப் போட்டதாக இன்றும் சொல்கிறாள். தொண்ணூற்றாறு பஞ்சாயத்துத் தேர்தலில் அகரமேட்டில் ஐந்து பேர் போட்டியிட்டார்கள். அதற்கு ஆறு வருடம் முன்பே நான் பத்திரிகையை விட்டுவிட்டேன்.