ஒரு கரண்டி வெண்ணெய்

இரண்டு நாளாகச் செரீனா கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தாய் பேர்ணடெற் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். பைக்குள் ஒரு ஜாம் போத்தல்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு இருபது தடவை வலிப்பு வந்துகொண்டிருந்தது. ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஜமெய்க்காக்காரி பார்த்துப் பொறுக்காமல், கஞ்சா இலையை வெண்ணெயில் காய்ச்சி வடித்து, அந்த ஜாம் போத்தலில் கொடுத்தாள். கஞ்சா என்றதுமே பேர்ணடெற் போத்தலை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஆனாலும் ஊட்டினாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்? இருபது ஏழாகி, நாலானது. ஒருநாள் செரீனா தானே சப்பாத்தைக் காலில் இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பேர்ணடெற் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

வெண்ணெய் தொடங்கிய அதே கிழமைதான் டொக்டர் புது மாத்திரையும் தொடங்கியிருந்தார். வலிப்புக் குறைந்தபின் பார்க்கப் போனபோது, வேறேதும் கொடுக்கிறாளா என்று அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் யேசுரட்ணம் தமிழில் கேட்டார். அகதி விசாரணையிலும் அவளுக்காகப் பேசியவர் அவர்தான். "பேப்பரிலை இல்லாத ஒண்டையும் வாயாலை சொல்லிப்போடாதேங்கோ, தங்கச்சி" என்று விசாரணை அறை வாசலில் வைத்து அன்று சொல்லியிருந்தார். அந்தப் புத்தியால்தான் வழக்கு வென்றது என்று அவள் நம்பினாள். அவர் முகத்தைக் கண்டதும் நாக்கு தானாக மடங்கிவிட்டது.

"இல்லை" என்றாள்.

மாத்திரைதான் வேலை செய்கிறதென்று டொக்டருக்கு ஒரே சந்தோஷம். அளவை இரட்டிப்பாக்கினார்.

இப்போது கட்டிலருகே அதே கேள்வி, அதே இரண்டு பேர். சொன்னால் அரசாங்கம் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்தாள். ஆனாலும் பேர்ணடெற் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கஞ்சா, அண்ணை. நான்தான் குடுத்தனான். காலமை ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி."

"தங்கச்சி, யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம். முழுக்கச் சொல்லுங்கோ."

டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கோப்பின் தாள்களைப் பின்னுக்குப் புரட்டி, அவள் 'இல்லை' என்ற அன்றைய பக்கத்தில் விரலை வைத்து, மெல்லப் பேசினார். யேசுரட்ணம் பேர்ணடெற்றைப் பார்க்காமல் அதைத் தமிழில் சொன்னார்.

"ரண்டும் சேர்ந்தா என்ன செய்யுமெண்டு தனக்கும் தெரியாதாம். சின்னப் பிள்ளையளுக்கு இதைப்பற்றி ஒரு புத்தகத்திலையும் எழுதேல்லையாம். ஆனா... தெரிஞ்சிருந்தா மாத்திரையைக் கூட்டியிருக்க மாட்டாராம்."

"எழும்புவாளோ?"

அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டொக்டர் செரீனாவின் கண்மடலை மறுபடி தூக்கி, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

கட்டிலுக்குக் கீழே செரீனாவின் சப்பாத்துகள் கிடந்தன. பேர்ணடெற் குனிந்து அவற்றை எடுத்து, மகள் போடுகிற மாதிரியே இடம் வலம் மாற்றி, வாசலைப் பார்க்க வைத்தாள்.