மரநாய்க்கு நாற்பது நாள்

சமையலறைக்கு மேலே மரநாய் குடிவந்ததை முதலில் கண்டுபிடித்தவள் றுஸைனாதான். ஒரு வாரமாக, சோறு வைக்காத நேரத்திலும் வீட்டுக்குள், சோற்றில் போடும் றம்பை இலை வாசம் அடித்தது. பிறகு சிலிங் பலகையில் மஞ்சள் கறை படர்ந்தது. விரட்டிவிடும்படி கணவர் நளீமிடம் சொன்னாள். அவர் ஏணி வைத்து ஏறி, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வேறு ஆளாக இறங்கி வந்தார்.

"மூணு குட்டி, றுஸைனா. கண்ணும் தொறக்கல்ல" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

வனஜீவராசி ஆபீஸுக்கு அவர் போன் போட்டுக் கேட்டபோது, ஒரு மாதமாவது பொறுக்கச் சொன்னார்கள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பக்கத்து மரத்தில் ஒரு பெட்டி கட்டி வைத்தால், தாயே ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனாலும் போகும். போன பிறகு ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்தைக் கம்பி வலையால் அடைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. நளீம் செய்தது இதைவிட அதிகம்.

பலாமரத்தில் பலகைப் பெட்டி கட்டினார். கனிந்த பப்பாசிப் பழத்தில் ஒரு பாதியைத் தினமும் மதிலில் வைத்தார். கிரைண்டரை முன்கூடத்துக்குத் தூக்கிப் போனார். கதவை அறைந்து சாத்தாதே, ரேடியோவைக் குறை, பெத்தவளுக்குச் சத்தம் ஆகாது என்றார். சமையலறைக்குள் அவரே விரல் நுனியில் நடந்தார்.

றுஸைனாவுக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தது போலிருந்தது.

நளீம் இருபது வருடம் கட்டாரில் ஓர் அரபி வீட்டுக்கு வாகனம் ஓட்டியவர். போன வருடம்தான் பலாபத்வலைக்கு ஒரேயடியாகத் திரும்பியிருந்தார். மகள் அஸ்ரா பிறந்தபோது அவர் அங்கே இருந்தார். பிள்ளை பெற்றவள் வெளியே போகாத அந்த நாற்பது நாளும் றுஸைனா இதே வீட்டில், இதே சிலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். பிள்ளை சுகமா, நீ சுகமா என்பார். லைன் அறுந்துவிடும். மகள் ஒன்றரை வயதில் நடந்துபோய்த்தான் வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இப்போது அவள் கண்டியில் தங்கிப் படிக்கிறாள்.

ஒரு மிருகத்தின் மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று றுஸைனாவுக்குத் தெரியும். தங்கை ஜஸ்லாவிடம் கறையைப் பற்றிச் சொன்னாள், வாசத்தைப் பற்றிச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை. ஆனால் பப்பாசியின் விதைகளை அவர் கரண்டியால் வழித்து எடுக்கும் அந்தப் பொறுமையைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஒரு நாளும் அவர் பழம் வெட்டிக் கொடுத்ததில்லை.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. அவர் ஜும்மாவுக்குப் போனதும் பழைய தாச்சிச் சட்டியில் தேங்காய்ப் பொச்சுத் தணலைப் போட்டு, மேலே ஒரு பிடி செத்தல் மிளகாயைத் தூவி, அலுமாரிக்கு மேல் ஏற்றிவைத்து, சிலிங் பலகையை ஒரு சாண் நகர்த்திவிட்டாள். புகை மேலே ஏறியது. இருமிக்கொண்டே பின்கதவால் வெளியே ஓடினாள்.

பட்டப்பகலில் மரநாய் ஓட்டுச் சந்தால் வெளியே வந்தது. வாயில் ஒரு குட்டி தொங்கியது. மதிலில் ஒரு கணம் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பலாமரத்தில் ஏறி, மிளகுக் கொடிகளுக்குள் மறைந்துவிட்டது.

அவள் காத்திருந்தாள். அது திரும்பி வரவில்லை. மேலே மற்ற இரண்டும் கத்தத் தொடங்கின. கிட்டத்தட்டப் பச்சைப்பிள்ளைச் சத்தம்தான். றுஸைனா உள்ளே ஓடினாள். தாச்சியை இறக்கித் தண்ணீர் ஊற்றினாள். ஏணியில் ஏறிப் புகைக்குள் தலையை விட்டு, கண்ணீர் வழிய வழியத் துழாவி, இரண்டையும் முக்காட்டுச் சீலையில் சுற்றி எடுத்தாள். உள்ளங்கைச் சூட்டுக்கு அவை அடங்கின. ஒன்று அவள் விரலைப் பிடித்துச் சப்பியது.

நளீம் வந்தபோது அவள் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். மறைக்கவில்லை. நான்தான் புகை போட்டேன் என்றாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் நகர்ந்திருந்த பலகையைப் பார்த்தார், அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குட்டிகளைச் சீலையோடு பலாமரத்துப் பெட்டியில் வைத்தார். பொழுதுபட்டால் தாய் தேடி வரும், அதுவரைக்கும் தூர இருந்து காவல் பார்ப்போம் என்றார்.

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு இருவரும் பின்படியில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் கண் பெட்டியிலேயே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, அடங்கியிருந்தது அவளுக்குள் மறுபடியும் கிளம்பியது.

"அஸ்ரா பொறந்தப்ப நானும் இப்படித்தான் கெடந்தேன். சத்தம் போடாதீங்கன்னு சொல்ல இந்த ஊட்டுல ஒரு ஆள் இருக்கல்ல."



"நீ ஒரு நாளும் சொல்லல்லயே" என்றார் நளீம்.

"நீங்க ஒரு நாளும் கேக்கல்ல."

அவர் படியில் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "இப்ப கேக்குறேன். அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போன நீ?"

அவள் சொன்னாள். அடைமழை. ஆட்டோ சேற்றில் புதைந்தது. பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் மாமி குடை பிடித்து மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். பிள்ளை பிறந்ததும் அழவில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, உலகத்தில் சத்தமே இல்லாமல் இருந்தது. நளீம் குறுக்கே குறுக்கே கேட்டார். எந்த இடத்தில் ஆட்டோ நின்றது? மாமி என்ன சொன்னார்? அப்போது நீ என்னை நினைத்தாயா? அதற்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். திட்டித்தான் நினைத்தேன் என்றாள்.

அவருடைய முதுகுக்குப் பின்னால், பலாக்கிளையில் ஒரு கருப்பு உருவம் இறங்கியது. பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து மற்றதையும் எடுத்தது. றுஸைனா பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் திரும்பிவிடுவார். அவள் சொல்லவில்லை.

"பொறகு?" என்றார் நளீம்.

"பொறகு அழுதா" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியே கேக்க அழுதா."

மறுநாள் காலை அவர் பெட்டியில் வெறும் சீலை கிடப்பதைப் பார்த்தார். சந்துக்கு வலை அடிக்கும்போது அவள் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்து போயிருக்கும் போல, கண்ணால் காணக் கிடைக்கவில்லையே என்று அவர் ரொம்பவும் கவலைப்பட்டார்.

"இருக்கும்" என்றாள் றுஸைனா.