கோட்டைக்குள் போன விசில்

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மலையுச்சியின் இடிந்த கோட்டைக்குள் பன்னிரண்டு ஆடுகள் ஒண்டியிருந்தன. அவற்றை ஓட்டிவரச் சொல்லி ஹெலெத் விசிலடித்தாள். அவளுடைய நாய் மோட் கோட்டை வாசலிலேயே படுத்துவிட்டது.

"இந்தச் சனியனுக்கு என்ன வந்துச்சு?"

"உள்ள போகாதுடி," என்றான் அவள் கணவன் கெத்தின். "அந்தக் காலத்து முற்றுகையில, பட்டினி கிடந்தவங்க மொதல்ல நாயைத்தான் அடிச்சுத் தின்னாங்களாம்."

"ஆமா, நீதான் கூட உக்காந்து பரிமாறின!"

ஆத்திரத்தோடு மறுபடியும் விசிலடித்தாள். உள்ளே குளம்புகள் தடதடத்தன. எதுவோ பின்னாலிருந்து விரட்டுவதுபோல ஆடுகள் அத்தனையும் ஒழுங்காக வெளியே வந்தன. மோட்டோ வாசலிலிருந்து வந்து அவள் காலடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் நாயைத் திரும்ப அழைக்கும் விசிலை, பழக்கதோஷத்தில், ஹெலெத் அடித்துத் தொலைத்தாள்.

மோட் மெல்ல நகர்ந்து, அவள் காலடியில் இடம் விட்டது.