மேலுரம்

மருதையனின் ரத்தத்தைக் குடித்த பிறகுதான் எங்கள் ஊர்ப் புழுக்களுக்கு முதன்முறையாக வயிறு நிறைந்தது. அதற்கு முந்தைய சில சம்பாக்களில் பயிர் இடுப்புக்கு மேல் எழுந்து கருகருவென்று நின்றதில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டோம். விவசாயக் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்த மருதையனின் மகள் அறிவுமதி மட்டும் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "காத்துல கரிவாயு கூடிப்போச்சுப்பா. அதக் குடிச்சுட்டுப் பயிர் சும்மா ஊதியிருக்கு, இலையில சத்து இல்ல. புழு எவ்வளவு தின்னாலும் பசி அடங்காது" என்றாள்.

அப்படியே ஆயிற்று. இலைச்சுருட்டுப் புழு தின்றது, தின்றது, அந்துப்பூச்சியாக மாறவேண்டிய வேளை வந்தும் மாறாமல் தின்று விரல் தடிமனாயிற்று. நெல் போதாமல் மடைப்பலகையைத் தின்றது. கொக்குகளை உயிரோடு தின்று அலகை மட்டும் வரப்பில் விட்டுப்போனது. கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்த மருந்தை டப்பாவோடு தின்றது. கடைசியில் எல்லோரும் பழைய வழிக்கே திரும்பினோம். மண்ணெண்ணெயில் தோய்த்த கயிற்றை ஆளுக்கொரு முனை பிடித்துப் பயிரின்மேல் இழுத்தால் புழு தண்ணீரில் விழும், மடையைத் திறந்து வடித்துவிடலாம். வடிகிற தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது என்று கயிறு இழுக்கிறவர்கள் யோசிப்பதில்லை. மருதையனும் அவன் மனைவி தங்கம்மாளும் வடித்தது, பள்ளத்தில் இருந்த வைத்தியலிங்கத்தின் வயலுக்குப் போயிற்று.

வைத்தியலிங்கத்தின் வீட்டில் பண்ணையாளாக இருந்தவர் மருதையனின் அப்பா. அந்தப் பண்ணை நிலத்திலேயே ஒரு துண்டை மருதையன் கிரயம் வாங்கியது வைத்தியலிங்கத்துக்கு ஆறாத எரிச்சல். "என் நெலத்த வாங்குனது பத்தாதுன்னு புழுவ வேற அனுப்புறியாடா?" என்று கத்திக்கொண்டு மண்வெட்டியோடு வந்தான். "வடிகால் அந்தப் பக்கந்தாங்க இருக்கு, நான் என்னங்க பண்ண?" என்று மருதையன் கேட்டு முடிப்பதற்குள் முதல் வெட்டு தோளில் விழுந்தது. அடுத்தது கழுத்தில். தடுக்கப்போன தங்கம்மாளின் தலைமயிரைப் பிடித்து வரப்பில் மோதினான். அவள் அவன் கையைச் சதையோடு கடித்து எடுத்தாள். பக்கத்து வயல்களில் மீசை வைத்த ஆம்பிளைகள் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் வரப்பைத் தாண்டவில்லை.

மருதையன் தன் வயலிலேயே குப்புற விழுந்து செத்தான். ரத்தம் தண்ணீரில் பரவப் பரவப் புழுக்கள் கூடி வந்து குடித்தன. குடித்ததும் சமர்த்தாக இலைக்குள் சுருண்டு தூங்கிவிட்டன. சாயங்காலம் போலீஸ் ஜீப் வருவதற்குள் வயல் முழுக்க மஞ்சள் அந்துகள் எழுந்து பறந்தன. அந்தப் பட்டத்தில் அவன் வயல் மட்டும்தான் விளைந்தது.

சாட்சி கேட்டுத் தங்கம்மாள் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். ஒருவரும் அசையவில்லை. வைத்தியலிங்கம் ஜாமீனில் வந்தான். அடுத்த சம்பாவில் புழு மறுபடி இறங்கியபோது ஆட்டு ரத்தம் ஊற்றிப் பார்த்தான், புழு மோந்துகூடப் பார்க்கவில்லை. கை கீறிக்கொள்ளக் கூலிக்கு ஆள் தேடினான், கிடைக்கவில்லை. அன்றைக்குத் தங்கம்மாள் அவன் வயல் மடையில் வந்து நின்றாள். கையில் அரிவாள். "யாரு வயலோ அவங்க ரத்தந்தான் குடிக்கும். எறங்கு" என்றாள். அவள் அவனிடம் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பயிர் போய்விடுமே என்ற பயத்தில் அவன் இறங்கினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே இழுப்பு. அவன் அலறினான். கடைசிப் புழுவுக்கு வயிறு நிறையும்வரை அவள் அந்தக் கையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு அந்தக் கை சோறு பிசையவில்லை.

இப்போது அது ஊர் வழக்கமாகிவிட்டது. யூரியா போடுகிற பருவத்தில் அவரவர் வயலில் இறங்கி அவரவர் கையைக் கீறிக்கொள்கிறோம். துபாயில் இருப்பவர்கள் அதற்கென்றே லீவு போட்டு வருகிறார்கள். மேலுரம் என்றால் எங்கள் ஊரில் இதுதான். தங்கம்மாளின் வயலைப் புழு தொடுவதே இல்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் யாராவது, கட்டுப் போட்ட கையோடு அந்த வரப்பில் போகும்போது, "மேலுரம் போட்டாச்சாக்கா?" என்று கேட்பாள். தங்கம்மாள் களை பறித்தபடியே, "எங்க வயலுக்கு முன்னயே போட்டாச்சும்மா" என்பாள்.