கஞ்சிப் பானையில் பிரியாணி

"எழிலு, மேடம் டோல்கேட்ல டீ குடிச்சிகினு கீறாங்க. அரை மணி நேரத்துல வந்துருவோம்."

மேடத்தைக் கூட்டிவரப் போயிருந்த ஆட்டோ டில்லிபாபு போனை வைத்துவிட்டான். டெலிபோன் பூத்துக்காரரிடம் மீதிச் சில்லறை கூட வாங்காமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்துவாரக்குப்பத்து மணலில் ஓடினேன். ஓடும்போதே பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செய்யாற்றிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கிய என்னைப் பார்க்க ஹைதராபாத்திலிருந்து ஒருவர் ரயிலேறி வருகிறார்!

பசியையும் வறுமையையும் ஒழிக்க வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு வருட ஃபெல்லோஷிப். தலைமைப் பயிற்சியும் உண்டு, செய்கிற வேலையை நடத்தப் பணமும் உண்டு. கடைசிச் சுற்றில் என் பெயரும் இருந்தது. இன்றைக்கு வருகிற சுகிர்தம் மேடம் நேரில் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடுவதாக அங்கிருக்கும் என் அக்காவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். நான் போனால் பானையும் நின்றுவிடும்.

எங்கள் வேலை என்பது அந்தப் பானைதான். மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதில் கூலிக்குப் போகிற இந்தக் குப்பத்து ஆண்களுக்கு வேலை இருக்காது. முதல் வருடம் கஞ்சி காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. இந்தக் குப்பத்துச் சொக்கம்மாள்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இல்லாதவ மட்டும் வான்னா எவமே வருவா? எல்லாரையும் உக்கார வையி" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் மீன்குழம்பு கொதித்தாலும் மத்தியானம் வலைக் கொட்டகைக்கு வந்து ஒரு குவளையாவது குடித்துவிட்டுப் போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே வரிசை. வரிசையைப் பார்த்தால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியாது.

கொட்டகையை நெருங்கியபோது வாசனை அடித்தது. கஞ்சி வாசனை இல்லை. பட்டை, கிராம்பு, வறுத்த இறால்.

"இன்னாக்கா இது?"

"பிரியாணிமே!" சொக்கம்மாள் பட்டுப்புடவையில் நின்றாள். எல்லோருமே கல்யாணப் புடவையில் இருந்தார்கள். நடுவில் பூப்போட்ட துணி விரித்த மேசை, ஒற்றை நாற்காலி, குளிர்ந்த கலர் பாட்டில். "அவ்ளோ தூரத்துலேந்து வர்றவங்களுக்குக் கஞ்சியா ஊத்துவாங்க? குப்பத்து மானம் இன்னா ஆவுறது?"

"பொதுப்பானை அரிசியா?"

"பின்ன, ஆகாசத்துலேந்தா கொட்டுச்சி?"

நாளைக்கும் மறுநாளைக்கும் வைத்திருந்த அரிசி மொத்தமும், கழிமுகத்தில் கையால் தடவிப் பிடித்த இறாலோடு உள்ளே வெந்துகொண்டிருந்தது. பசியைப் பார்க்க வருகிறவருக்கு நாங்கள் கல்யாண வீட்டைக் காட்டப் போகிறோம். அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை. அதற்குள் ஆட்டோ சத்தம் கேட்டுவிட்டது.

ஹைதராபாத்தில் வேலை பார்த்தாலும் சுகிர்தம் மேடம் திருநெல்வேலிக்காரர். பருத்திப் புடவை, கையில் ஃபைல். நாற்காலியில் உட்கார்ந்து பட்டுப்புடவைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நீங்கல்லாம் சாப்பிடலியா?"

"நாங்க அப்பவே துன்ட்டோம்மா," என்றாள் பட்டம்மாள், கூட்டத்திலேயே பளபளப்பான அரக்குப் புடவைக்காரி. நேற்று குடித்த கஞ்சிக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அடுத்த வீட்டுக்காரியான எனக்கு மட்டும் தெரியும்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "பசிக்காகத்தான எழுதிப் போட்ருக்க? இங்க விருந்துல்லா நடக்கு. நாளைக்கு கமிட்டியில கேட்பாவ. யார் வீட்டுல அடுப்பு எரியலன்னு ஒரே ஒரு வீட்டைக் காட்டு, போதும்."

பட்டம்மாளின் கதவு பத்தடியில் இருந்தது. நான் விரலை நீட்டினால் போதும். ஃபெல்லோஷிப், இரண்டு வருடம், அடுத்த தடைக்காலம் முழுக்கப் பானை. தண்ணீர்ச் செம்போடு நின்ற பட்டம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்ட மாட்டேன் மேடம்," என்றேன். "அதைக் காட்டாம இருக்கத்தான் எல்லாரும் ஒண்ணா உக்கார்றோம். இன்னிக்கு உங்களுக்காக ஒண்ணா உக்கார்றதை மறந்துட்டாங்க."

நான் திரும்பி நடந்தேன். உள்ளே என்னவோ குதித்துக்கொண்டிருந்தது. பாயை உதறி மணலில் விரித்தேன். "அக்கா, எல்லாரும் உக்காருங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்."

"ஐய, இன்னாமே, விருந்தாளி முன்னாடியா..."

"நீதானக்கா போட்ட ரூல்ஸ்!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது பட்டம்மாள். முந்தானையைச் செருகிக்கொண்டு சட்டென்று உட்கார்ந்தாள். அப்புறம் வளையல் சத்தமும் சிரிப்புமாக வரிசை நீண்டது. "தள்ளி குந்துமே, பட்டு கசங்குது" என்று யாரோ கத்த, "ஆமா, உன்னிய பொண்ணு பாக்க வந்துகீறாங்க" என்று இன்னொருத்தி பதில் கொடுத்தாள்.

நான் கடைசியில் உட்கார்ந்தேன். சொக்கம்மாள் கரண்டியோடு பானையைத் திறந்தாள். ஆவி கொட்டகைக் கூரைவரை எழும்பியது. யாரோ என்னை இடித்துத் தள்ளிப் பாயில் இடம் பிடித்தார்கள். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. என் முழங்காலை உரசிய பருத்திப் புடவை மட்டும் கண்ணில் பட்டது.

எதிரே பூத்துணி மேசையருகில் நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் கிடந்த ஃபைலைக் கழிமுகத்துக் காற்று திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை.