ஐந்தாவது நட்டு

பின்சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றிய மெக்கானிக் உச்சுக்கொட்டினார். ஐந்து போல்ட்டுகளில் இரண்டு முறிந்து மொட்டையாக நின்றன. மூன்றாவதில் மரையே இல்லை. விரலால் தடவினால் வழுவழுவென்றிருந்தது.

டிரைவர் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். சரக்கு ஏற்றப் போகும் வழியில் வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடுவதை உணர்ந்து, அவர்தான் பட்டறைக்குத் திருப்பினார்.

"இதை வச்சா ஓட்டிட்டு வந்தீங்க? உங்க மாமியார் பல்லு இதைவிடக் கெட்டியா இருக்குமேண்ணே."

"அவங்களுக்குப் பல்லே இல்ல தம்பி."

போனில் வண்டி முதலாளி, கெட்டுப்போன மூன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார். பாரம் முழுவதையும் தாங்கி மற்ற இரண்டும் இழுபட்டிருக்கும் என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

அவர் பழையவற்றைச் சுத்தியலால் பின்னுக்குத் தட்டி வெளியேற்றினார். புதியவற்றைப் பின்பக்கமிருந்து செருகி, முன்னால் வாஷரும் நட்டும் போட்டு, தலை சரியாகப் பதியும்வரை இழுத்து இறுக்கினார். மீதி இரண்டுக்கும் தன் பெட்டியிலிருந்தே போல்ட்டு எடுத்துப் போட்டார். முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்கண்ணே. அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி, அஞ்சு நட்டையும் இன்னொரு தடவை முறுக்கணும். புதுசு ஓட ஓட உள்ள பதிஞ்சு, நட்டு இளகும்." வண்டியில் இருந்த ஸ்பேனர் வாய் தேய்ந்திருந்ததால் தன்னுடையதையே கொடுத்தனுப்பினார்.

டிரைவருக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பதினோரு வருடமாக இந்த ஒரு வண்டிதான். இது போனால் வேறு யாரும் சாவி தரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அதை இறக்கவேண்டிய ஆலையின் கேட்டைப் பகல் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். ஐம்பதாவது கிலோமீட்டரில் அவர் மணியைப் பார்த்தார். சாயங்காலம் பள்ளி விட்டதும் முதலாளியின் மகள் இதே வண்டியில்தான் முன்சீட்டில் ஏறி வீட்டுக்குப் போவாள். கடவுளே என்று சொல்லிக்கொண்டு சாலையோரம் ஒதுக்கினார்.

நான்கு நட்டுகள் கால் சுற்றுக் கொடுத்தன. ஐந்தாவது ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அப்போது போன் அடித்தது. வண்டி எங்கே நின்றாலும் முதலாளியின் கைபேசியில் தெரியும்.

"வண்டி ஏன் நிக்குது?"

"சக்கர நட்டு முறுக்குறேன் முதலாளி. புதுசு போட்டா ஒரு தடவை…"

"காலையிலதானே போட்டாங்க? புதுசுக்கு எதுக்கு முறுக்கு? எடுய்யா வண்டிய."

அவர் ஐந்தாவதை முழுதாக இறுக்கிவிட்டுத்தான் எடுத்தார். போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. காவலாளி கம்பிக்கு அப்பாலிருந்து பார்த்தார், திறக்கவில்லை. சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

முதலாளி கிடங்கு வாசலிலேயே சாவிக்காகக் கையை நீட்டினார். டிரைவர் மெக்கானிக்கைப் போனில் அழைத்துக் கொடுத்தார். மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். சுமை தூக்குகிறவர்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு முதலாளி கடைசிவரை கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசி வச்சிருக்கீங்க," என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, "கண்ணு தெரியாம அங்கங்க நிறுத்தித் தடவிப் பாக்குற ஆளு எனக்கு வேணாம்."

சுமை தூக்குகிறவர்களில் ஒருவன் சிரித்தான். டிரைவர் சாவியைக் கொடுத்தார். சாப்பாட்டு டப்பாவையும் துண்டையும் பட்டறை ஸ்பேனரையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் எடுக்கும்போது வேறு எதையும் எடுக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவன் கூட நின்றான்.

நான்காம் நாள் சாயங்காலம், ஸ்பேனரை எண்ணெய் போகத் துடைத்துத் துணியில் சுற்றி அவர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இரண்டு இடங்களில் வேலை கேட்டிருந்தார். இரண்டிலும் தூரத்து வண்டியின் நம்பரைப் படிக்கச் சொன்னார்களாம். மெக்கானிக், ஸ்பேனர் அவரிடமே இருக்கட்டும் என்றார்.

"சக்கரமே இல்லாதவனுக்கு இது எதுக்கு தம்பி?"

தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வண்டி வந்தது. முதலாளியின் மச்சான் வேகமாக ஓட்டி வந்தான். முன்சீட்டிலிருந்த சிறுமி அடையாளம் கண்டு, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி ஆட்டினாள்.

டிரைவர் அவளைக் கவனிக்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வண்டி வளைவில் மறையும்வரை பின்சக்கரத்தையே பார்த்தார்.

"ஆடல தம்பி," என்றார்.